பூட்டக்காவின் ஆறு வருடக் குப்பி

எங்கள் லேபில் அவரைப் பூட்டக்கா என்றுதான் சொல்வோம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பத்தொன்பது வருடம் நடமாடிய மனுஷிக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? ஃப்ரீசரை நாளுக்கு நாலு தடவை திறப்பார், வாயைத் திறக்க மாட்டார். எதைக் கேட்டாலும் ஒரு ‘ம்’. கோபத்துக்கு ஒரு ‘ம்’, சம்மதத்துக்கு ஒரு ‘ம்’. இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது. எனக்கோ வாய் நீளம். பக்கத்து அறையில் கிருமிகளின் மரபணு வரிசையைப் படிக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவள் நான். அது ஓடும் நேரத்தில் பேசுவதற்கு ஆள் தேடி அக்காவின் மேசைக்குத்தான் போவேன். நான் பேசுவேன், அவர் தட்டுகளைப் பார்ப்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும் ரத்தம், சளி, சிறுநீர் எல்லாம் முதலில் அவர் கைக்குத்தான் வரும். தட்டில் தேய்த்துச் சூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு, முளைத்ததைப் பெயர் சொல்லும் இயந்திரத்துக்குக் கொடுப்பார். அது சொன்ன பெயரை எழுதி, கிருமியில் ஒரு துளியைச் சுண்டுவிரல் உயரக் குப்பியில் போட்டு ஃப்ரீசரில் உறைய வைப்பார். வருஷக் கடைசியில் பழைய குப்பிகளையெல்லாம் நீராவியில் வேகவைத்து அழித்துவிடுவது வழக்கம். அன்றைக்கு மட்டும் அக்காவுக்கு முகமே சரியிருக்காது. “கிருமிதானேக்கா, சொந்தக்காரங்களா?” என்று கேட்டால், “உயிரோட இருக்குல்ல” என்பார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அந்த ஈஸ்ட் எங்களுக்குத் தெரியவந்தது இந்த வருடம் மூன்றாம் மாதத்தில். ஈஸ்ட் என்றால் ரொட்டி உப்புவதற்குப் போடுகிறார்களே, அதே இனம்தான். ஆனால் இது மனிதர்களின் தோலில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். நல்ல உடம்புக்காரர்களை ஒன்றும் செய்யாது. உடம்பு தளர்ந்தவரின் ரத்தத்தில் இறங்கிவிட்டால் ஆளை முடித்துவிடும். ஐசியூவில் மூன்று மாதத்தில் ஐந்து பேருக்கு வந்து மூன்று பேர் போனார்கள்.

நாலாம் படுக்கையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். இரண்டு பேர் அதில் அடுத்தடுத்து இறந்தபிறகு, மெத்தையைத் தூக்கி எறிந்து, சுவர்வரை கழுவி, மூன்று வாரம் காலியாகப் போட்டிருந்தார்கள். பிறகு இதய அறுவை முடிந்த ஒருவரை அதில் கிடத்தினார்கள். ஒன்பதாம் நாள் அவருடைய அக்குளில் அது இருந்தது. எங்கிருந்து வந்தது, மூன்று வாரம் எதைத் தின்றுகொண்டு காத்திருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குப்பிறகு நர்சுகள் அந்தப் படுக்கையைத் தாண்டும்போது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு போனார்கள். பார்த்தால் சிரிப்பு வரவேண்டும், எனக்கு வரவில்லை.

மருந்துச் சோதனைத் தட்டு அதைவிட மோசம். மருந்து ஊறிய காகிதப் பொட்டைத் தட்டில் வைத்தால், அதைச் சுற்றி எதுவும் முளைக்காமல் ஒரு வெற்று வட்டம் விழவேண்டும். அந்த வட்டம்தான் நோயாளி பிழைப்பதற்கான வழி. இருப்பதே மூன்று வகை மருந்து. மூன்று பொட்டு வைத்தோம். அது மூன்றையும் சட்டை பண்ணவே இல்லை. பொட்டின் விளிம்புவரை வழவழவென்று வெளிறிய நிறத்தில் படர்ந்து, ஓரிடத்தில் பொட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. அக்கா அந்தத் தட்டை மூடிவைத்துவிட்டு, கழுவிய கையையே மறுபடியும் போய்க் கழுவினார்.

பழி போட ஓர் ஆள் வேண்டுமே. அக்காவின் தம்பி மனைவி அகப்பட்டாள். அவள் வெளிநாட்டில் இரண்டு வருடம் நர்சாக வேலை பார்த்துவிட்டு, இந்த வருடம் முதல் மாதம்தான் எங்கள் ஐசியூவில் சேர்ந்திருந்தாள். அவள் அங்கே இருந்த ஆஸ்பத்திரியில் இந்த ஈஸ்ட் உண்டு என்று யாரோ செய்தியில் படித்தார்கள். அவள் வந்தாள், இரண்டு மாதத்தில் இதுவும் வந்தது. கணக்கு முடிந்தது. ஊழியர்கள் எல்லாருக்கும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் பஞ்சுக்குச்சியால் தேய்த்துச் சோதிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. முதலில் அவளுக்குத்தான் எடுத்தார்கள், ஒன்றுமே இல்லை. “இப்ப இல்லைன்னா? வந்தப்போ இருந்திருக்கும், தேய்ச்சுக் குளிச்சிருப்பா” என்றார் தொற்றுக் குழுத் தலைவர். போன் பேசும்போதுகூடக் கையுறையைக் கழற்றாததால் அவருக்குக் கையுறை டாக்டர் என்று பெயர். அவளை விடுப்பில் அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை குழு கூடி அவளை வேலையிலிருந்து நீக்கும், நர்சுகள் மன்றத்துக்கும் எழுதும் என்று பேச்சு. மன்றத்துக்கு எழுதிவிட்டால் அவள் இனி எங்கேயும் நர்ஸ் வேலை பார்க்க முடியாது.

புருஷன் இறந்த பிறகு அக்கா தம்பி வீட்டில்தான் இருக்கிறார். தம்பி லிஃப்ட் பழுது பார்க்கிறவர், நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. தாய் வெளிநாட்டில் இருந்த இரண்டு வருடமும் குழந்தையை வளர்த்தது அக்காதான்.

“வீட்டுல எப்படிக்கா இருக்கா?” என்று கேட்டேன்.

அன்று அதிசயமாக வாயைத் திறந்தார். “தம்பி பாப்பாவ அவகிட்ட விடமாட்டேங்கிறான். அவ ஒண்ணும் கேக்கல. ரூமுக்குள்ளயே உக்காந்து தன் கைய திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருக்கா. கை முழுக்கப் புண்ணு, சோப்பு போட்டுப் போட்டு.”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஐந்து நோயாளிகளின் ஈஸ்டையும் என் இயந்திரத்தில் போட்டுப் படித்தேன். ஒவ்வொன்றிலும் சுமார் ஒண்ணேகால் கோடி எழுத்து. ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் வித்தியாசம். ஐந்தும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் தாய் எப்போது ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குப் பழைய குப்பி வேண்டும்.

திங்கட்கிழமை காலை பெயர் சொல்லும் இயந்திரத்தின் புத்தகத்தை அக்கா புரட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று நிறுத்தி என்னைக் கூப்பிட்டார்.

“இதோட பேர்ப் பட்டியல எப்ப புதுப்பிச்சாங்க?”

“மூணாம் மாசம் ஆள் வந்து புதுசு ஏத்திட்டுப் போனாரே. ஏன்க்கா?”

“அதுக்கு முன்னாடி இந்த ஈஸ்டோட பேரு பட்டியல்லயே கிடையாது.”

இயந்திரம் தனக்குத் தெரிந்த பெயர்களில் ஒன்றைத்தான் சொல்லும். தெரியாத ஆள் வந்தால், சாயலில் ஒத்த வேறு ஆளின் பெயரைச் சொல்லிவிடும். பழைய பதிவேடுகளை இறக்கினோம். அபாயமில்லாத தூரத்து உறவு ஒன்றின் பெயர் கடந்த ஆறு வருடத்தில் ஒன்பது இடங்களில் இருந்தது. ஒன்பதும் ஐசியூ. அப்படியானால் அது புதிதாக வரவே இல்லை. எங்களோடேயே, வேறொரு பெயரில், ஆறு வருடமாக இருந்திருக்கிறது. அந்த அறையில் அப்போது எத்தனை தட்டுகள் மூடியோடு அடுக்கியிருந்தனவோ, ஒவ்வொன்றையும் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

“வெறும் பேர காட்டினா கையுறை ஒத்துக்க மாட்டார்க்கா. குப்பி வேணும்.”

“வருஷக் கடைசில வேகவச்சுட்டோமே” என்றார். தம்பி மனைவி வேலையில் சேருவதற்குப் பத்து நாள் முன்னால், நானும் அவரும் சேர்ந்து செய்த வேலை அது. “எல்லாமேவா?” என்று கேட்டேன். ஒரு ‘ம்’ வந்தது. நான் மேலே குறிப்பிட்ட இரண்டு ‘ம்’மிலும் அது சேரவில்லை.

செவ்வாய்க்கிழமை முழுவதும் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அப்படியே மூடினார். புதன்கிழமை காலை நான் வரும்போது எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். மேசையில் பனி பூத்த ஒரு சின்னப் பெட்டி. அதில் நூறு குழி, ஒரே ஒரு குப்பி.

“இது அழிக்காதது” என்றார்.

“யாரோடதுக்கா?”

“எங்க வீட்டுக்காரரோடது.”

ஆறு வருடத்துக்கு முன்னால் அவருடைய கணவர் வயிற்று அறுவைக்குப் பிறகு ஐசியூவில் கிடந்தார். அது எனக்குத் தெரியும், சாவுக்குப் போயிருந்தேன். தெரியாததை அன்றைக்குச் சொன்னார். காய்ச்சல் விடாமல் அடித்தபோது ரத்தம் இரண்டு பாட்டிலில் லேபுக்கு வந்திருக்கிறது. மூன்று நாள் கண் மூடாத அக்காவே அதைத் தட்டில் தேய்த்திருக்கிறார். ஒரு பாட்டிலில் மட்டும் ஈஸ்ட் முளைத்தது. இயந்திரம் அந்தத் தூரத்து உறவின் பெயரைச் சொல்லி, ‘நிச்சயமில்லை, திரும்பச் செய்’ என்றது. ரத்தத்தில் ஈஸ்ட் வந்தால் ஒருநாளும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்களுக்குப் பாலபாடம். வேறு யாருடைய ரத்தமாக இருந்தாலும் அக்கா திரும்பச் செய்திருப்பார்.

“எனக்கு அது அழுக்கா இருந்தாப் போதும்னு இருந்துச்சுடி. ஊசி போடுறப்ப தோல்ல இருந்து ஒட்டியிருக்கும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஓடிப்போய் அவர்கிட்ட சொன்னேன், ஒண்ணுமில்லையாம், பயப்படாதீங்கன்னு. அவர் சிரிச்சார்.”

நாலாம் நாள் அவர் இறந்துவிட்டார். ஈஸ்டுக்கான மருந்து எதுவும் கொடுக்கவில்லை, அறிக்கைதான் ஒன்றுமில்லை என்றதே.

“இந்தக் குப்பிய ஏன்க்கா வச்சிருந்தீங்க?”

“அவர் ரத்தத்துல வளந்தது. வேகவைக்கக் கை வரல.”

உள்ளே இருப்பது அந்த ஈஸ்ட்தானா என்று ஆறு வருடமாக அவர் திறந்து பார்க்கவில்லை. பார்க்காதவரைக்கும் அது அழுக்காகவே இருக்கலாம். இப்போது திறந்தால் தம்பி மனைவி தப்பிப்பாள், கூடவே கணவரை யார் கைவிட்டது என்பதும் தெரிந்துவிடும். திறக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. அந்த இரண்டு நாளும் அவர் எங்கே நின்று தவித்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. “நீங்க திறக்க வேணாம்க்கா, குடுங்க, நான் செய்றேன்” என்றேன். தலையை ஆட்டிவிட்டு அவரே மூடியைத் திருகினார்.

நுனிக்கம்பியால் சுரண்டி எடுத்து, பாதியை எனக்குக் கொடுத்து, மீதியைத் தட்டில் தேய்த்தார். மறுநாள் காலையில் சூட்டுப் பெட்டியைத் திறந்தோம். தட்டு முழுக்க முளைத்திருந்தது. வழவழவென்று, வெளிறிப்போய், மினுமினுத்துக்கொண்டு. அதை உடம்பில் சுமந்த மனிதர் மண்ணோடு மண்ணாகி ஆறு வருடம். இதற்கு ஒரே ராத்திரி தூங்கி எழுந்தது மாதிரி இருந்திருக்கிறது. அக்கா தட்டை முகத்துக்கு அருகில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பசிக்கிறவர்கள் சாப்பாட்டைப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

பக்கத்தில் மருந்துச் சோதனைத் தட்டும் இருந்தது. அதை நான் முதலில் பார்த்துவிட்டேன். இரண்டு பொட்டுகளைச் சுற்றி நெருங்கப் படர்ந்திருந்தது. மூன்றாவதைச் சுற்றி, காம்பஸ் வைத்து வரைந்தாற்போல, சுத்தமான வெற்று வட்டம். அந்தத் தட்டை அப்படியே குப்பையில் போட்டுவிட்டு, கை தவறிவிட்டது என்று சொல்லலாமா என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கையும் நீண்டது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“கேட்டிருக்கு” என்றார். “இந்த மருந்துக்கு அப்ப கேட்டிருக்கு.”

அழுவார் என்று நினைத்தேன். ஸ்கேலை எடுத்து வட்டத்தின் அகலத்தை அளந்து, இருபத்தியிரண்டு மில்லிமீட்டர் என்று பதிவேட்டில் எழுதினார். பிறகு தரையில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு மத்தியானம் என் இயந்திரம் ஓடி முடித்தது. இரண்டு ஈஸ்டுகளின் எழுத்துகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை வைத்து, யார் யாருடைய வாரிசு என்று கணினி ஒரு வம்ச மரம் வரையும். அடியில் அந்தக் குப்பி. அதிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கிளம்பிய கிளையில் ஐந்து நோயாளிகளும். இடையில் ஆறு வருடத்து மாற்றங்கள். அந்த மாற்றங்களில் ஒன்று மூன்றாவது மருந்தைத் தோற்கடிக்கிற மாற்றம். யாரும் கண்டுகொள்ளாத அந்த ஆறு வருடத்தில் ஐசியூவிலேயே இருந்து அது கற்றுக்கொண்டிருக்கிறது. தம்பி மனைவி அங்கே வேலைக்கு வருவதற்கு எத்தனையோ நாள் முன்னால். “தப்பிச்சாக்கா!” என்று கத்தினேன்.

அக்கா திரையின் ஓரத்தைக் காட்டினார். “இது யாரு?”

ஊழியர்களிடம் எடுத்த பஞ்சுக்குச்சிகளில் ஒன்றில் மட்டும் முந்தின நாள் காலையில்தான் ஈஸ்ட் முளைத்திருந்தது. அவசரத்தில் அதையும் இயந்திரத்தில் சேர்த்துவிட்டிருந்தேன். ஊழியர்களின் குச்சிகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அது நோயாளிகளின் கிளையில் இல்லை. அடியில் இருந்த குப்பியிலிருந்து தனியாக ஒரு மெல்லிய கோடு கிளம்பி, ஆறு வருட நீளத்துக்குப் போய், யாரோடும் சேராமல் நின்றிருந்தது. எண் பட்டியலைத் திறந்தேன். பார்த்துவிட்டு மூடப் போனேன்.

“நான்தானே” என்றார்.

கணவரைத் துடைத்து, புரட்டி, உடை மாற்றிய கைகளின் வழியே அது அவர்மேல் ஏறியிருக்கிறது. ஏறி, ஆறு வருடம், அவரோடு பஸ்ஸில் வந்து, அவரோடு தூங்கி எழுந்திருக்கிறது. அவரிடமிருந்து யாருக்கும் பரவவில்லை. அந்தக் கோடு அவரோடு முடிந்துவிடுகிறது என்பதை நான் மூன்று தடவை சொன்னேன். அவர் கேட்ட மாதிரியே தெரியவில்லை. புடவைக்கு மேலாகவே தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“அந்த வீட்ட காலி பண்ணினப்ப அவர் சட்டை ஒண்ணுகூட வச்சுக்கலடி. பாத்தா தாங்காதுன்னு எல்லாத்தயும் குடுத்துட்டேன். அவர்கிட்ட இருந்து எனக்குன்னு ஒண்ணும் இல்லன்னு நெனச்சிட்டிருந்தேன்.” பிறகு சட்டென்று குரல் மாறியது. “பாப்பா. பாப்பா என் பக்கத்துலதான் படுக்கும்.”

அன்று சாயங்காலமே குழந்தைக்குச் சோதனை எடுத்தோம். தட்டில் எதுவும் முளைக்கவில்லை என்று தெரிய இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அக்கா வீட்டுக்குப் போகவில்லை, ஊழியர் விடுதியில் தனி அறையில் இருந்தார்.

வெள்ளிக்கிழமை குழுவில் வம்ச மரத்தை நான் விளக்கினேன். அந்தப் பழைய குப்பி யாருடையது என்று கையுறை டாக்டர் கேட்டார். எண்ணோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று முன்பே அக்காவிடம் சொல்லியிருந்தேன். அக்கா எழுந்து நின்று, நோயாளி என் கணவர், திரும்பச் செய்யாமல் தவறாக எழுதியது நான், இப்போது என் உடம்பிலும் அது இருக்கிறது என்று மூன்று வாக்கியத்தில் சொல்லி உட்கார்ந்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் சேர்ந்தாற்போலப் பேசி அவர்கள் கேட்டது அதுதான். தம்பி மனைவிமேல் இருந்த நடவடிக்கையை விலக்கி எழுதினார்கள். அடுத்த வாரம், அக்குளில் வைத்துக் காய்ச்சல் பார்க்கும் ஒயர் வைத்த தெர்மாமீட்டரின் பிடியிடுக்கில் அந்த ஈஸ்ட் கிடைத்தது. அதைத் துடைக்க வைத்திருந்த திரவம் இதைக் கொல்லாது. படுக்கையைக் கழுவியவர்கள், ஒவ்வொரு புது நோயாளியின் அக்குளிலும் அதை அவர்களே வைத்திருக்கிறார்கள்.

குழந்தையின் முடிவு வந்த அன்று, அக்கா தன் துணிகளை எடுத்துக்கொண்டு விடுதியிலேயே தங்கிவிடுவதாகச் சொன்னார். என் ஸ்கூட்டரில் கூட்டிப் போனேன். வாசல் படியில் ஏறாமல் கீழேயே நின்று, தன் துணிப்பையை வெளியே வைத்துவிடும்படி குரல் கொடுத்தார். தம்பி கதவுவரை வந்தார். மனைவிமேல் காட்டிய வேகம் எங்கே போனதோ, நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவரைத் தள்ளிக்கொண்டு தம்பி மனைவி வந்தாள். கைகளில் புண் இன்னும் முழுதாக ஆறவில்லை.

“உள்ள வாங்கக்கா.”

“வேணாம்மா. என்மேல இருக்கு. உன் கைல வேற புண்ணு.”

“தெரியும். ரிப்போர்ட்ட படிச்சேன்.” கொஞ்ச நேரம் அக்காவையே பார்த்தாள். “ஏன்க்கா சொன்னீங்க? அண்ணன் விஷயத்த மறைச்சிருந்தா யாருக்குத் தெரியும்?”

“உனக்கு வேல போயிருக்கும்.”

“போயிருக்கும்” என்றாள் அவள்.

அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப் பயந்து நிற்கும் பிள்ளைகள் அப்படித்தான் நிற்கும். தம்பி மனைவி படியிறங்கி வந்தாள். உள்ளே போய்க் கையுறை மாட்டிக்கொண்டு வருவாள் என்று நான் எதிர்பார்த்தேன், நர்ஸ் அல்லவா. அவள் அக்காவின் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு, அந்த விரல்களைப் பிரித்து, வெறும் கையால் கெட்டியாகப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள். நாற்காலியில் உட்கார வைத்தாள்.

பிறகு குழாயடிக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டு, புண் எரிய எரிய, விரல் விரலாக இரண்டு நிமிடம் கையைக் கழுவினாள். அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.